ஆறட்டும்

எனக்கு ஆரஞ்சுப் பழம் பிடிக்காது, சார். ஆனாலும் மூன்று வருடம் ஞாயிறு தவறாமல் வாங்கிக்கொண்டு போனேன். தங்கை வீட்டுக்காரரைப் பார்க்க வெறுங்கையோடு போவது மரியாதையில்லை. அதுவும் கை போனவரைப் பார்க்க.

மாப்பிள்ளை என் சலவைக்கூடத்தில்தான் வேலை பார்த்தார். ஓட்டல் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைகளுக்கு நடுவே விட்டுத் தேய்க்கிற இயந்திரம். ஒருநாள் விரிப்போடு அவருடைய வலது கையும் உள்ளே போய்விட்டது. கையை வெளியே எடுத்துவிட்டோம், விரல்கள்தான் மடங்கவில்லை. விரிப்பும் வீணானது. அதைப் பற்றி அவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட மூன்று வருடம் கெடு. ஒரு நாள் தாண்டினாலும் கோர்ட் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதல் வாரமே வக்கீலிடம் கேட்டுவைத்தேன். முதலாளி என்றால் நாலும் தெரிந்திருக்க வேண்டாமா? மாப்பிள்ளைக்குத் தெரியாது. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

தங்கைதான் துடித்தாள்.

"பெரிய ஆபரேஷன் பண்ணா விரல் மடங்குமாம்ணே. அந்தச் செலவுக்காவது கேஸ் போடச் சொல்றாங்க. உன்மேல கோவமெல்லாம் இல்ல."

"போடலாம்மா, யாரு வேணாம்னா? முதல்ல காயம் ஆறட்டும்."

ஆறட்டும். எவ்வளவு நல்ல சொல், பாருங்கள். காயத்துக்கும் பொருந்துகிறது, காப்பிக்கும் பொருந்துகிறது, கேஸுக்கும் பொருந்துகிறது. காயம் ஆறியதும், மனசு ஆறட்டும் என்றேன். அதுவும் ஒருவாறு ஆறியபோது, எல்லாரும் உட்கார்ந்து ஆற அமரப் பேசுவோம் என்றேன். மாப்பிள்ளை இடது கையால் சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார். உரித்துக் கொடுத்தது நான்தான்.

கெடு முடிந்த ஞாயிறு நான் போகவில்லை. தங்கையே வந்தாள், வக்கீலைப் பார்த்துவிட்டு நேராக.

"நாள் கடந்துபோச்சாம்ணே. உனக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லு."

"அட, கடந்துடுச்சா?" என்றேன். பொய் சொல்லவில்லை, கேள்விதானே கேட்டேன்.

அவள் அழவில்லை. "இன்னமும் அவரு உன்னை நல்லவன்னுதான் சொல்றாரு. அதைத்தான்ணே தாங்க முடியல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கெடுதான் முடிந்துவிட்டதே, இனி ஒளிக்க என்ன இருக்கிறது? உருளைக்கு முன்னால் கை போகாமல் தடுக்க ஒரு கம்பித் தடுப்பு இருந்தது. கழற்றியது நான்தான். வேலை வேகமாக நடந்தது. இப்போது அது என் அறைச் சுவரில் இருக்கிறது; 'பாதுகாப்பே முதல்' என்ற பலகையை அதில்தான் தொங்கவிட்டிருக்கிறேன். போன மாதம் முதலாளிகள் சங்கக் கூட்டத்தில் அதே தலைப்பில் பேசினேன். எல்லாரும் கைதட்டினார்கள். மாப்பிள்ளையும் வந்திருந்தார், அவரால்தான் தட்ட முடியவில்லை.

இல்லை சார், தடுப்பைத் திரும்ப மாட்டவில்லை. மாட்டினால் பலகையை எங்கே தொங்கவிடுவது? தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். முடிந்துபோன கதைதானே.

என்ன சார்? நீங்கள் விசாரிக்க வந்தது மாப்பிள்ளை விஷயத்தை இல்லையா? நேற்று அதே இயந்திரத்தில் கை மாட்டிக்கொண்ட புதுப் பெண்ணைப் பற்றியா?

அதற்கு இப்போது என்ன அவசரம், சார். முதலில் அந்தப் பெண்ணுக்குக் காயம் ஆறட்டும்.