ஆறரைக்குப் பிறந்த பெண்

தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் போகும் பஸ்ஸில், முன் இருக்கையில் கேட்டது இது.

“உங்க மகளைக் கம்ப்யூட்டர் பன்னிரண்டு நிமிஷம் முன்னாடியே பிறக்க வச்சிருச்சு அக்கா,” என்றார் ஜாதகம் போடும் கடைக்காரர்.

“வலியில துடிச்சவ நான். அதுக்கு என்ன அவசரம்? ஆறரைன்னுதானே சொன்னேன்?” என்றார் பக்கத்தில் இருந்த அம்மாள்.

“நம்ம வழக்கப்படி ஆறு, புள்ளி, முப்பதுன்னு தட்டினேன். அது முப்பது நிமிஷம்னு எடுத்துக்கல. ஒரு மணி நேரத்த நூறா வெட்டி, அதுல முப்பது பங்குன்னு எடுத்துக்கிச்சு. அது பதினெட்டு நிமிஷம்தான். லக்னமே மாறிப்போச்சு.”

“அதப் பாத்துத்தான் பொருத்தமில்லைன்னு மாப்பிள்ளை வீட்டுல பேச்ச நிறுத்துனாங்க. எம்மக சோறு தொடல. நீங்களே அவங்ககிட்ட சொல்லணும்.”

“அதுக்குத்தான் கடையைச் சாத்திட்டு வரேன் லா.”

“எல்லாருக்கும் இப்படிப் புள்ளி வச்சுத்தான் போட்டீங்களா?”

கடைக்காரர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். கிள்ளானில் இருவரும் இறங்கினார்கள்.

மறுநாள் அதே பஸ்ஸில் கடைக்காரர் தனியாக வந்தார். மடியில் ஒரு கட்டு ஜாதகம்.

“நேத்துப் போன காரியம் என்னாச்சு அண்ணே?” என்று கண்டக்டர் கேட்டார்.

“கல்யாணத்துக்குச் சரின்னுட்டாங்க. இன்னிக்கு வேற வீடு.”