3389 திறந்திருந்த முற்பகல்

2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை, முற்பகல் பத்து மணி பத்து நிமிடம். வானம் வெளிறிக் கிடந்தது. மேலைக்காற்று மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையப் புழுதியை வாரி என் ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. தேநீரில் சர்க்கரை சற்று அதிகம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

காவல் ஆய்வாளர் அவர்களே, போர்ட் என்றால் என்ன என்று கேட்டீர்கள். அந்தத் தனியார் மருத்துவமனையின் கணினி வலையமைப்புக்கு நான் பொறுப்பாளன்; ஆகவே சொல்கிறேன். வெளியுலகத்தோடு பேசுவதற்குக் கணினிக்கு எண்ணிட்ட வாயில்கள் உண்டு. இணையப் பக்கங்களுக்கு 443. தொலைவிலிருந்து ஒரு கணினியின் திரையையே கைக்கொள்ள 3389. இந்த இரண்டாவதை உலகம் முழுவதற்கும் திறந்துவைத்தால், கடவுச்சொல்லை ஊகிக்கும் எவனும் உள்ளே வந்து நாற்காலியில் அமர்ந்துவிடலாம். எங்கள் ஸ்கேன் மருத்துவர் வீட்டிலிருந்தே படங்களைப் பார்ப்பதற்காக அது திறந்திருந்தது. பாதுகாப்பான மாற்று வழி உண்டென்று நிர்வாகி ராமமூர்த்தியிடம் பலமுறை சொன்னேன். பார்ப்போம் என்பார்.

சென்ற ஆண்டு இதைப் போன்றே ஆபத்தான வேறொரு போர்ட்டை நானாகவே மூடினேன். ரத்தப் பரிசோதனை இயந்திரம் அதன் வழியாகத்தான் முடிவுகளை அனுப்பிவந்தது. அது எனக்குத் தெரியாது. ஆய்வகம் நின்றது. கேன்டீனில் எல்லோர் முன்னிலையிலும் ராமமூர்த்தி கேட்டார்: “யாரக் கேட்டு மூடுனீக? இது ஒங்க வீட்டு வாசக்கதவா?” செவிலியர் சிரித்தனர். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எனவே ஒரு விதியை எழுதி அவரிடமே ஒப்புதல் பெற்றேன்: நிர்வாகியின் கையெழுத்தின்றி எந்தப் போர்ட்டும் திறக்கப்படாது, மூடப்படாது.

என் பிரிவில் பணிபுரியும் ஹெப்சிபா அப்போது உள்ளே வந்தாள்.

“விஜய்ண்ணே, 3389-ல எவனோ விடாமத் தட்டிக்கிட்டே இருக்கான். தப்புப் பாஸ்வேர்டா வந்து குவியுது. மூடிட்டேன்.”

“கையெழுத்து?”

“திருடன் வாசல்ல நிக்கிறான். அவன்கிட்டயும் கையெழுத்துக் கேப்பீகளா?”

மூடுவதற்கான ஆணையை அச்சிட்டு அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. அவளுடைய தாய் ஆரோக்கியம், ஓய்வுபெற்ற ஆசிரியை, பித்தப்பை வீங்கி எங்களிடமே சேர்ந்திருந்தார்.

“அம்மாவ பதினோரு மணிக்கு ஆபரேஷனுக்குக் கொண்டு போறாங்கண்ணே. காய்ச்சல்ல ஒளறுது. பென்சிலின் பட்டா அதுக்கு மூச்சே நின்னுரும். கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன், இருந்தாலும் நான் பக்கத்துல நிக்கணும்.”

“பதிவில் இருந்தால் போதும். கையெழுத்து வாங்கிவிட்டுப் போ.”

போனாள். அவளுடைய கைபேசி எதிர் மேசையில் சார்ஜில் கிடந்தது.

சிறிது நேரத்தில் ராமமூர்த்தி இன்டர்காமில் அழைத்தார். “இந்தப் புள்ளையப் பன்னெண்டு வரைக்கும் உக்காரச் சொல்லிருக்கேன். ராகுகாலத்துல நான் கையெழுத்துப் போடுறதில்லன்னு ஒமக்குத் தெரியாதா? அதான் மூடியாச்சுங்குதே, என்ன அவசரம்?”

“அவசரமில்லை சார். கையெழுத்தோடு வந்தால் போதும்” என்றேன்.

வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரை முதல் பன்னிரண்டு வரை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் ஒருவர் தமக்கென ஒரு விதியை வைத்துக்கொண்டு அதில் நிற்பதை நான் மதிக்கிறேன்.

பதினொரு மணியளவில் மருத்துவமனையின் திரைகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. நோயாளிகளின் பதிவுகள் அனைத்தும் பூட்டப்பட்டு, பணம் கேட்கும் ஓர் ஆங்கில வாசகம் மட்டும் நின்றது. எதிர் மேசையில் கைபேசி ஒலித்து ஓய்ந்தது, மீண்டும் ஒலித்தது. பிறகு என் தொலைபேசி. அறுவை அரங்கிலிருந்து ஒரு செவிலி பேசினாள்.

“சார், இங்க ஒண்ணுமே தெரியல. ஹெப்சிபா எங்க? அவுக அம்மாவுக்கு உடனே ஊசி போடணும், ஏதாச்சும் மருந்து ஆகாதான்னு கேக்கணும். அந்தம்மா சொல்ற நெலமையில இல்ல.”

அவள் அலுவலகப் பணியில் இருக்கிறாள், பன்னிரண்டுக்கு வருவாள் என்றேன். அது உண்மை. நோயாளியின் விவரத்தை வாய்மொழியாகத் தெரிவிக்க எனக்கு அதிகாரமில்லை. அதுவும் உண்மை.

“பன்னெண்டு வரைக்கும் தாங்காது சார்” என்றது அந்தக் குரல்.

“பதிவில் இருக்கும்” என்றேன்.

தேநீர் ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

அடுத்த அழைப்பு வந்தபோது குரல் தாழ்ந்திருந்தது. ஊசி போட்ட சில நிமிடங்களில் ஆரோக்கியத்தின் மூச்சு நின்றுவிட்டது. மகளை உடனே அனுப்பச் சொன்னார்கள். அனுப்புகிறேன் என்றேன். நிர்வாகியின் அறைக்கு இன்டர்காமில் மூன்று எண்களை அழுத்தினால் போதும். ஆனால் கையெழுத்துக் கிடைக்குமுன் அவளை எழுப்பிவிட்டால் ஆணை மீண்டும் மேசையிலேயே தங்கிவிடும்.

மூடிய வாயிலின் வழியே அவன் எப்படி நுழைந்தான் என்பதே உங்கள் கேள்வி. அவள் படியேறிக்கொண்டிருந்தபோதே நான் அதைத் திறந்துவிட்டேன். கையெழுத்தின்றி மூடியது செல்லாது. ஆகவே நான் செய்தது திறப்பும் ஆகாது, முன்பிருந்த நிலைக்கு மீட்டது மட்டுமே. வெளியே ஒருவன் தட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். அவன் உள்ளே வந்துவிட்டால், யாரைக் கேட்டுத் திறந்துவைத்தீர்கள் என்று அதே கேன்டீனில் ராமமூர்த்தியைப் பார்த்துக் கேட்பார்கள் என்பதும் தெரியும். அந்தக் கேள்வியை நான் ஓராண்டாக எதிர்பார்த்திருந்தேன்.

பன்னிரண்டு அடித்துச் சற்று நேரத்தில் ஹெப்சிபா ஓடிவந்தாள். நிர்வாகியின் அறையில் கணினி கிடையாது; அவளிடம் இன்னும் எவரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

“இந்தாங்கண்ணே, போட்டுட்டாரு. நான் அம்மாகிட்ட போறேன்.” திரும்பியவள் கறுத்த திரைகளைக் கண்டு நின்றாள். “என்னண்ணே இது? நான்தான் காலையிலயே மூடிட்டேனே.”

அவள் கையிலிருந்த ஆணையை வாங்கிப் பார்த்தேன். கையெழுத்து, தேதி, முத்திரை எல்லாம் முறையாக இருந்தன. அதன் பிறகே 3389-ஐ மூடினேன். அன்று முற்பகல் விதியை மீறியவள் அவள் ஒருத்திதான். தாயை இழந்த பெண் என்பதால், அவள் பெயரை என் அறிக்கையில் சேர்க்காமல் விட்டேன்.