வலது பக்கக் கண்ணாடி

இந்தக் காலத்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பஸ்ஸிலிருந்து குதிக்கிறவன் பின்னால் யார் இறங்குகிறார்கள் என்று பார்ப்பதில்லை. கடைக்கதவைத் தள்ளிக்கொண்டு போகிறவன் அது யார் மூக்கில் அடிக்கிறது என்று பார்ப்பதில்லை. எல்லோர் காதிலும் ஏதோ ஒன்று சொருகியிருக்கிறது. அது பேசுகிறது, இவர்கள் போகிறார்கள்.

என் பெயர் ஏழுமலை. ஐந்தாவதோடு நின்றவன். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் வேலை செய்தேன். யாரையும் சட்டென்று நம்ப மாட்டேன். என் புல்லட்டை எந்த மெக்கானிக்கும் தொட்டதில்லை. ஐந்நூறு சிசி. ஆயில் மாற்றுவது, செயின் இழுத்து வைப்பது, பிளக் துடைப்பது எல்லாம் என் கைதான். வலது பக்கம் மட்டும் ஒரு கண்ணாடி வைத்திருந்தேன். அதை ஸ்பேனர் போட்டு நானே இறுக்குவேன். நூறில் போனாலும் ஒரு நூல் அசையாது.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் நாங்கள் கவரைப்பேட்டையில் கூடுவோம். பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போய், நாஷ்டா தின்றுவிட்டுத் திரும்புவோம். விஜயகுமார் முன்னால் போவான். கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறவன், அறுநூற்றைம்பது சிசி வண்டி. அடுத்தது சத்யா, லேபில் வேலை செய்கிற பெண். அப்புறம் ஜோஷ்வா, வெல்டர். கடைசியில் நான். பதினோரு வருடமாக யார் வந்தாலும் போனாலும் கடைசி ஆள் நான்தான்.

எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. பின்னால் வருகிறவனுடைய லைட்டை உன் கண்ணாடியில் வைத்துக்கொண்டே ஓட்ட வேண்டும். லைட் காணவில்லை என்றால் நிற்க வேண்டும். நீ நின்றால் உன் லைட் முன்னால் போகிறவனுக்குத் தெரியாது, அவனும் நிற்பான். ஒருத்தன் விழுந்தால் மொத்தக் கூட்டமும் நின்றுவிடும். சட்டம் நான் போட்டது.

போன மார்கழியில் ஹெல்மெட்டுக்குள்ளேயே பேசுகிற மிஷின் வாங்கினார்கள். நான் வேண்டாம் என்றேன். அன்றைக்குத்தான் விஜயகுமார் ஆரம்பித்தான்.

"நைனா, இனிமே கடைசில ஜோஷ்வா வரட்டும். நீ அவனுக்கு முன்னாடி போ."

"ஏன், எனுக்கு இன்னா?"

"கண்ணுதான். போன வாரம் நடுரோட்டுல நின்ன எருமைய இன்னான்னு நெனச்ச? நெழலுன்னு சொன்னியே."

எல்லோரும் சிரித்தார்கள். ஜோஷ்வாவும் சிரித்தான். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நா இன்னா உன் எடத்தயா புடுங்கிக்கினேன்? வோணும்னா சொல்லு நைனா, மாத்திக்கலாம்" என்றான். நல்ல பையன். அதை நான் எப்போதும் இல்லையென்று சொன்னதில்லை.

அதற்கடுத்த ஞாயிறு நல்ல பனி. ஜோஷ்வாதான் கடைசி, அவனுக்கு முன்னால் நான். திருப்பாலைவனம் தாண்டினால் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் இறால் குட்டை. ஒரு மதகில் ரோடு வளைகிறது. நான் வளைந்து வெளியே வந்தேன். கண்ணாடியில் ஜோஷ்வாவின் லைட் ரோட்டை விட்டு விலகிக் கீழே இறங்கியது. அணையவில்லை. பள்ளத்திலிருந்து மேலே பார்த்தபடி பனியில் அடித்துக்கொண்டு நின்றது. எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கண் தெரியாது என்றவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஆக்சிலேட்டரை விடவில்லை. இடது கையைக் குறுக்கே நீட்டிப் பலம் கொடுத்துக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டேன். அதில் வானம் வந்தது.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சேறுதானே, என்ன ஆகிவிடும். அரை மணி நேரம் கிடக்கட்டும். அவர்கள் வாங்கிய மிஷின் திரும்பிப் பார்க்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம். அப்புறம் நானே போய்த் தூக்கிக்கொண்டு வருவேன். கடைசி ஆள் என்றால் என்ன என்று அப்போது புரியும். இவ்வளவுதான் நினைத்தேன்.

பழவேற்காட்டில் செண்பகம் கடையில் உட்கார்ந்தோம்.

"ஜோஷ்வா லைன்ல இல்லியே. பின்னாடி வரானா நைனா?" என்று விஜயகுமார் கேட்டான்.

"வரான்" என்றேன்.

நான்கு இட்லி தின்றேன். சத்யா பாதியில் எழுந்து ஹெல்மெட்டை எடுத்தாள். "நா ஒரு ரவுண்டு பாத்துட்டு வந்துர்றேன்."

"உக்காரும்மா. மோனிகா மீனு கேட்டிருக்கும். எங்கனா வாங்கிக்கினு நிப்பான்."

மோனிகா அவன் சம்சாரம். சத்யா யோசித்தாள். "நைனா சொன்னா செரி" என்று உட்கார்ந்துவிட்டாள். பதினோரு வருடத்தில் என் பேச்சுக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது அன்றைக்குத்தான். இன்னொரு டீ சொன்னேன். சூடாக இருந்தது. மெதுவாகத்தான் குடிக்க முடிந்தது.

அதன் பிறகு நானே கிளம்பினேன். முதலில் தேடிப் போனது நான். அதை ஒருவரும் சொல்வதில்லை.

இறால் பிடிக்க வந்த குப்பம்மாளும் இன்னும் இரண்டு பேரும் அவனை மேலே தூக்கிப் போட்டிருந்தார்கள். வண்டி தொடை மேல் விழுந்து எழ முடியாமல், முழங்கால் அளவுத் தண்ணீரில் கையை ஊன்றித் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே கிடந்திருக்கிறான். கை தளர்ந்ததும் முகம் உள்ளே போய்விட்டது. பேசுகிற மிஷின் விழுந்தவுடனே நனைந்து செத்திருந்தது.

"ஒரு மணி நேரமா ஆரனு அடிச்சிக்கினே கெடந்துச்சுபா" என்றாள் குப்பம்மாள். "கல்யாண வேனு எதுனா சேத்துல மாட்டிக்கிச்சுன்னு நெனச்சிக்கினு இருந்துட்டேன். இப்பதான் நின்னுச்சு, பத்து நிமிசம் இருக்கும்."

ஒரு டீ குடிக்கப் பத்து நிமிஷம் ஆகும்.

வண்டி வழுக்கிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். போலீசும் அப்படியே எழுதிக்கொண்டது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான் வண்டியை விடவில்லை. தனியாக ஆரம்பாக்கம் வரை போய் வருவேன். முதல் நாளே கண்ணாடியின் அடியில் ஒரு லைட் தெரிந்தது. நல்ல வெயில், பின்னால் யாரும் இல்லை. தூசி என்று துடைத்தேன். புதுக் கண்ணாடி வாங்கி மாட்டினேன். அதிலும் இருந்தது. கிட்ட வராது, எட்டவும் போகாது. கீழேயிருந்து மேலே பார்த்தபடி இருக்கும். லைட் தெரிகிறவரை நிற்கத் தேவையில்லை, அதுதான் சட்டம். அதனால் நான் நிற்பதில்லை. பெட்ரோல் தீர்ந்து இரண்டு தடவை வழியில் வண்டியைத் தள்ளியிருக்கிறேன்.

போன ஞாயிறு அவன் செத்து ஒரு வருடம். மதகுச் சுவரில் அவன் படத்தை வைத்து மோனிகா மெழுகுவத்தி ஏற்றினாள். சத்யா என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் போனைக் காட்டினாள். அன்றைக்குச் செண்பகம் கடை வாசலில் அவள் ஹெல்மெட் கேமரா பிடித்த படம்.

"நைனா, உன் கண்ணாடி ஏன் வானத்தப் பாத்துக்கினு இருக்குது? யாரையும் தொட உட மாட்டியே அத்த. காத்துல திரும்பிச்சா?"

ஆமாம், காற்றுதான் என்று சொல்லியிருக்கலாம். அவளே எடுத்துக் கொடுத்தாள். ஆனால் நான் இறுக்கிய கண்ணாடி காற்றுக்குத் திரும்பாது. அப்படி ஒரு பேரை என் வண்டிக்கு வாங்கித்தர எனக்கு மனமில்லை.

"நாந்தான் திருப்புனேன்" என்றேன். மற்றவர்களும் கிட்ட வந்தார்கள். லைட் இறங்கியதைப் பார்த்தது, இரண்டாவது டீ, எல்லாவற்றையும் சொன்னேன். விஜயகுமார் மதகுச் சுவரில் உட்கார்ந்துவிட்டான். சத்யா என் வண்டிச் சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு போலீசுக்குப் போன் போட்டாள்.

மோனிகா அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த ஆரன் சத்தம் உனுக்குக் கேட்டுச்சா நைனா?"

"அப்பக் கேக்கலம்மா" என்றேன்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தேன். என் வீடு தெரியும், வருகிறவர்கள் வரட்டும். நான் நிற்காததுதான் குற்றம் என்று சத்யா பின்னாலிருந்து கத்தினாள். முன்னால் இரண்டு பேர் போனார்களே, அவர்கள் நின்றார்களா? அவரவர் கண்ணாடியில் பின்னால் வந்த லைட் தெரிந்ததாம், அது போதுமாம். எனக்கு அது இன்னும் நியாயமாகப் படவில்லை.

ரோடு காலியாக இருந்தது. பின்னால் எங்கேயோ ஆரன் அடித்துக்கொண்டே இருந்தது. கல்யாண வேனாக இருக்கும். என் பின்னால் யாரும் வரவில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் திரும்பிப் பார்க்கவில்லை.