முப்பதாம் தேதி என்றால் முப்பதாம் தேதி

மூன்று வருடங்களுக்கு முன்னால் நாற்பத்தோரு மருத்துவக் காப்பீட்டுப் படிவங்களைப் பேருந்தில் மறந்துவிட்டு இறங்கியவன் நான்தான். அதை எந்நாளும் மறைத்ததில்லை. பசுந்தாங்கில் உள்ள காப்பீட்டு அலுவலகத்தில் அவற்றைக் கொடுக்க வேண்டிய கடைசி நாள் அது. படிவப் பை இருக்கையில் இருந்துவிட்டது. அவித்த கடலைப் பொட்டலத்தை மட்டும் பத்திரமாக இறக்கியிருந்தேன். பேருந்தின் பின்னால் ஓடினேன். பாதி வழியில் லுங்கி அவிழ்ந்தது. ஒரு கையில் லுங்கி, மறு கையில் கடலை. தெருவே சிரித்தது. பேருந்து நிற்கவில்லை. எல்லாரிடமும் மறுபடி எழுதி வாங்கிக் கொடுத்து முடிக்கப் பத்து நாள் ஆயிற்று.

மேலாளர் ஊ பீர் முகைதீன் அவர்களே (பர்மிய 'ஊ'வும் தமிழ் 'அவர்களே'யும், இரண்டு மரியாதையும் இருக்கட்டும்), நீங்கள் போன வருடம் வந்தவர் என்பதால் இதிலிருந்து தொடங்குகிறேன். கோப்புக்கு ஒரு பக்க விளக்கம் போதும் என்றீர்கள். எனக்கு வாய் நீளம் என்பது உங்களுக்கும் தெரியும்.

நம் நிறுவனத்தில் ஒவ்வொரு நவம்பரிலும் குடும்பத்தாரின் பெயரைக் காப்பீட்டில் புதிதாகப் பதிய வேண்டும்; படிவங்களை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. முப்பதாம் தேதியோடு கதவு சாத்தப்படும். பிறகு அடுத்த நவம்பர்தான். பேருந்து ஓட்டத்துக்கு அப்புறம் நான் ஒரு தந்திரம் செய்தேன். அறிவிப்புப் பலகையில் கடைசி நாள் இருபத்துமூன்று என்று எழுதினேன். ஒரே வருடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். அடுத்த வருடம் அத்தனை பேரும் இருபத்தொன்பதாம் தேதி மாலைதான் வந்து நின்றார்கள். "முரளி போட்ட தேதியில ஏழைக் கூட்டிக்கணும்" என்பது அலுவலகத்தின் எழுதாத சட்டமாயிற்று.

நீங்கள் வந்ததும், "பலகையில் பொய் வேண்டாம், உண்மையான தேதியை எழுதுங்கள்" என்றீர்கள். எழுதினேன். நவம்பர் முப்பது. சிவப்பு மையில், அடியில் இரண்டு கோடு போட்டு. அந்தத் தாளை இன்றும் வைத்திருக்கிறேன். அதில் ஒரு பிழையும் இல்லை.

ஆனால் நம் ஆட்களை எனக்குத் தெரியும். பலகையைப் பார்த்து ஏழைக் கூட்டிக்கொண்டு டிசம்பர் ஏழுவரை நிம்மதியாக இருப்பார்கள். ஆகவே மேசை மேசையாகப் போனேன். "இந்தத் தடவை நிஜத் தேதி. கூட்டல் கணக்கு கிடையாது" என்றேன். நாற்பது பேரிடம் சொன்னேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. மனசு கேட்காமல் செய்தேன். இதையும் கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிவராஜிடம் சொல்லவில்லை.

மறந்துவிட்டேன் என்று எழுதலாம்; மறப்பதில் எனக்குப் பெயர் உண்டு, எல்லாரும் நம்புவார்கள். ஆனால் தினமும் பத்தரை மணிக்கு அவனோடு உட்கார்ந்து டீ குடிப்பவன் நான். அந்த மாதம் முழுவதும் குடித்தேன். துறைமுகத்துக்கு ஓடி சுங்கக் காகிதங்களை முடிப்பது அவன் வேலை, வாய்க்கு ஓய்வில்லாதவன். என் பேருந்து ஓட்டத்தை அவனைப் போல் யாராலும் நடித்துக் காட்ட முடியாது. லுங்கி அவிழும் இடத்தில் கடலையை எண்ணிப் பார்ப்பதுபோல ஒரு கணம் நிற்பான். நான் அப்படி நிற்கவில்லை. அது அவன் சேர்த்தது. நன்றாகத்தான் இருக்கும்.

செப்டம்பரில் என் மகள் பிரேமாவைப் பெண் பார்க்கத் தின்கன்ஜூனில் உள்ள என் வீட்டுக்கு வந்தார்கள். சிவராஜையும் கூப்பிட்டிருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அதை நடித்துக் காட்டினான். "சம்பந்தி ஆகப்போறவரு ஓடுற அழகப் பாருங்க" என்று ஆரம்பித்து, நிற்க வேண்டிய இடத்தில் நின்று, எல்லாம் செய்தான். அவர்கள் சிரித்தார்கள். எல்லாரையும்விட நான்தான் உரக்கச் சிரித்தேன். பிரேமா உள்ளே போய்விட்டாள். பத்து நாள் கழித்து, வேறு இடம் பார்த்துக்கொண்டதாகச் சொல்லி அனுப்பினார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் எப்படியும் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன்.

நான் நினைத்தது இவ்வளவுதான்: ஒரு தடவை அவனும் ஓடட்டும்.

டிசம்பர் ஆறாம் தேதி படிவத்தோடு வந்தான். "பாரு முரளி, ஒரு நாள் முன்னாடியே கொண்டாந்துட்டேன்" என்றான். முடிந்துவிட்டது என்றேன். சிரித்தான். பலகையைக் காட்டினேன். சிவப்புக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"டேய், லதாவுக்குடா. மா ஃபஹீமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்."

மா ஃபஹீமா காப்பீட்டு அலுவலகத்தில் படிவம் வாங்குகிற பெண்; மரியாதைக்கு எனக்கு அவர் 'மா', அவருக்கு நான் 'கோ'. மறுநாள் டீக்கடையில், கேட்டதாகச் சொன்னேன். முடியாது என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னேன்.

புஷ்பலதா அவன் மனைவி. அவளுடைய இதய வால்வைப் பற்றி எனக்குத் தெரியாது என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. அதைக் கிளப்பியவன் நான் இல்லை, மறுக்கவும் இல்லை. அக்டோபரில் அவளே என்னிடம் சொன்னாள். "அண்ணே, இவரு மறந்துருவாரு. ஆபரேஷனுக்கு அந்தக் காப்பீடுதான் ஒரே வழி. நீங்கதான் ஞாபகப்படுத்தணும்" என்றாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். போகும்போது மாங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் கொடுத்தாள்.

இலவசச் சிகிச்சை வரிசையில் பெயர் கொடுத்துக் காத்திருந்தார்கள். ஜனவரி கடைசியில், முறை வருமுன்பே, அவள் போய்விட்டாள்.

ஐயர் ஏற்பாட்டிலிருந்து பந்தல்வரை எல்லாம் நான்தான் பார்த்தேன். மூன்று நாள் அவன் வீட்டிலேயே இருந்து சோறு ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தேன். "நீ சரியாத்தான்டா தேதி போட்டிருந்தே, நான்தான் கொன்னுட்டேன்" என்று என் தோளில் சாய்ந்து அழுதான். முதுகைத் தடவிக் கொடுத்தேன். கெட்டவன் ஒருவன் இதையெல்லாம் செய்வானா?

முப்பதுக்குப் பிறகு யார் என்ன செய்திருக்க முடியும்? சட்டம் நான் போட்டதா? டிசம்பரில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரைக் கேட்டேன். அப்படியெல்லாம் சொல்ல முடியாது என்றார். ஐயர் மேலே கையைக் காட்டினார். சிவராஜைக் கேட்டேன், விதி என்றான். நேராகப் பதில் சொல்ல இந்த ஊரில் ஆளில்லை. அப்படியிருக்க, என்னிடம் மட்டும் ஏன் எழுத்தில் கேட்கிறீர்கள் என்பது என் கேள்வி.

இதுவரை நேற்று எழுதியது. கையெழுத்துப் போடுமுன், காலம் கடந்த படிவத்தை வாங்குவதில்லை என்று மா ஃபஹீமாவிடம் ஒரு வரி எழுதி வாங்கி இணைத்துவிட்டால் நம் பக்கம் உறுதியாக இருக்கும் என்று இன்று காலை பசுந்தாங் போனேன்.

அவர் பேனாவை எடுக்கவில்லை.

"அந்தப் பஸ் வருஷம் டிசம்பர் பத்தாம் தேதி கொண்டாந்தீங்க, கோ முரளி. கம்பெனிக் கடிதம் ஒண்ணு வச்சு நான் வாங்கிக்கலையா? இதையும் வாங்கியிருப்பேன். நீங்க வந்து கேக்கவே இல்ல."