கனவில் கேட்ட பெயர்

இல்வா: கதவைச் சாத்து, அக்கா.

ராக்னா: எதுக்கு? அங்க அத்தனை பேரும் காபிக் கோப்பையோட நிக்கிறாங்க, கேக் வெட்டணும். நீ என்னடான்னா கோட்டு மாட்டுற அறையில வந்து ஒளிஞ்சுக்கிட்டு...

இல்வா: சாத்துன்னு சொன்னேன்.

ராக்னா: சாத்தியாச்சு. கத்தாதே. எட்டு மாச வயித்தை வச்சுக்கிட்டு இப்படிக் கத்துனா...

இல்வா: என் வயித்தைப் பத்தி நீ பேசாதே. இன்னிக்கு மட்டும் பேசாதே.

ராக்னா: என்னதான்டி உனக்குப் பிரச்சினை?

இல்வா: என் பிள்ளையோட பேரை எடுத்து உன் பிள்ளைக்கு வச்சுட்டு, என்ன பிரச்சினைன்னு கேக்குறியா?

ராக்னா: உன் பிள்ளை பேரா? உன் பிள்ளை இன்னும் பிறக்கவே இல்லை. லியோதுர் என் தம்பி. செத்துப்போன தம்பி பேரை என் மகனுக்கு வச்சேன். இதுல உனக்கு என்ன...

இல்வா: எனக்கு அவன் அண்ணன் இல்லையா?

ராக்னா: யாரு இல்லைன்னா? நீ மனசுக்குள்ள வச்சிருந்தா எனக்கு எப்படித் தெரியும்? ஞானஸ்நானம் முடியிற வரைக்கும் நம்ம ஊர்ல எவளாவது பேரை வெளியில விடுவாளா? நானே ரெண்டு மாசமா 'பையா, பையா'ன்னுதான் கூப்பிட்டேன். உன் அத்தான் ஓர்ரியைத் தவிர ஒரு ஜீவனுக்குச் சொல்லலை.

இல்வா: அப்ப, நான் வைக்கப் போறது உனக்குத் தெரியாது.

ராக்னா: தெரியாது.

இல்வா: பாதிரியார் 'குழந்தையின் பெயர் என்ன?'ன்னு கேட்டாரே... அப்ப நீ யாரைப் பார்த்தே?

ராக்னா: யாரைப் பார்ப்பாங்க? கேட்டவரைத்தான்.

இல்வா: இல்லை. நான் மூணாவது வரிசையில உட்கார்ந்திருந்தேன். அவர் தோளுக்கு மேல என்னைத் தேடிக் கண்டுபிடிச்சுட்டு, கண்ணை எடுக்காம சொன்னே. 'லியோதுர்'னு. அப்புறம்தான் அவரைப் பார்த்தே.

ராக்னா: ...ஏதோ பார்த்திருப்பேன். கண்ணு எங்கயாவது போகத்தானே செய்யும்?

இல்வா: பொய்.

ஓர்ரி: ராக்னா... உள்ளதான் இருக்கீங்களா ரெண்டு பேரும்?

ராக்னா: என்ன ஓர்ரி?

ஓர்ரி: ஒண்ணுமில்லை. எங்கம்மா ஓரமா உட்கார்ந்து அழறாங்க. சந்தோஷக் கண்ணீர்னு எல்லார்கிட்டயும் சொல்றாங்க. முகத்தைப் பார்த்தா அப்படித் தெரியலை.

ராக்னா: ஏன், என்னவாம்?

ஓர்ரி: ரேய்க்யவிக்ல இருந்து ஏழு மணி நேரம் கார் ஓட்டி வந்தது, பேரனுக்கு 'அசிங்கம்'னு பேர் வைக்கிறதைக் கேக்கத்தானான்னு...

ராக்னா: அதுக்கு அர்த்தம் அசிங்கம் இல்லை! இப்ப அந்த வார்த்தை அப்படி ஆயிடுச்சு, அவ்வளவுதான். பழைய மொழியில அதுக்கு வெளிச்சம்னு அர்த்தம். எங்கப்பா எத்தனை தடவை சொல்லியிருக்கார்!

ஓர்ரி: பழைய மொழி பேசுறவங்க யாரும் இன்னிக்கு விருந்துக்கு வரலையேம்மா. முன் வரிசையில அந்தக் குட்டிப் பொண்ணு எழுந்து நின்னு கேட்டுச்சே, 'அம்மா, பாப்பா அவ்வளவு அசிங்கமாவா இருக்கு?'ன்னு. பாதிரியாரே இருமுற மாதிரி வாயைப் பொத்திக்கிட்டார்.

இல்வா: அத்தான், கொஞ்சம் வெளிய இருங்க.

ஓர்ரி: இருக்கேன். ஆனா கேக்ல இன்னும் பேர் எழுதலை. பேக்கரிக்காரம்மா க்ரீம் குழாயும் கையுமா நிக்கிறாங்க. பெரிசா எழுதவா, சின்னதா எழுதவான்னு கேக்குறாங்க.

ராக்னா: பெரிசா!

ஓர்ரி: சரி, சரி... பெரிசா.

இல்வா: போயிட்டாரா?

ராக்னா: போயிட்டார். இப்ப சந்தோஷமா? என் மாமியார் அழறாங்க, ஊரே சிரிக்குது. இதுல நீ வேற.

இல்வா: ஊர் சிரிக்கும்னு தெரிஞ்சுதானே வச்சே?

ராக்னா: நீ வச்சா சிரிச்சிருக்காதா?

இல்வா: சிரிச்சிருக்கும். ஆனா எனக்குக் காரணம் இருந்துச்சு. மார்ச் மாசம் உனக்குத்தான் போன் பண்ணினேன். விடியக்காலையில. என் புருஷன்கிட்டகூடச் சொல்லலை, உன்கிட்டதான் முதல்ல சொன்னேன். 'அக்கா, அண்ணன் கனவுல வந்தான்'னு.

ராக்னா: சொன்னே.

இல்வா: வயித்துல பிள்ளை இருக்கிறவ கனவுல செத்தவங்க வந்தா எதுக்கு வர்றாங்கன்னு உனக்குத் தெரியாதா?

ராக்னா: தெரியும். பேர் கேட்டு வருவாங்க. குடுக்கலைன்னா பிள்ளைக்கு ஆகாது.

இல்வா: தெரிஞ்சும்...

ராக்னா: எனக்கு அதுக்கு முன்னாடியே வந்தான்!

இல்வா: என்ன?

ராக்னா: என்கிட்டயும் வந்தான். உனக்கு முன்னாடி. பிப்ரவரியில. நான் உன்னை மாதிரி ஊரைக் கூட்டலை, மனசுல வச்சுக்கிட்டேன். யார்கிட்ட முதல்ல வந்தானோ அவளுக்குத்தான் பேர். அதுதானே முறை?

இல்வா: பிப்ரவரியில.

ராக்னா: ஆமா.

இல்வா: எப்படி வந்தான்?

ராக்னா: எப்படின்னா... வந்தான். பனி தள்ளுற வண்டி ஓட்டும்போது போடுவானே, அந்த ஆரஞ்சு கோட்டு. வாசல்ல நின்னு பூட்ஸைத் தட்டிட்டு உள்ள வந்தான். கட்டில் ஓரத்துல உட்கார்ந்து, 'அக்கா, எனக்கு இங்க கொஞ்சம் இடம் குடு'ன்னு...

இல்வா: கட்டில் ஓரத்துல.

ராக்னா: ஆமான்றேன்ல.

இல்வா: பிப்ரவரி முழுக்க நீ கட்டில்லயே படுக்கலை, அக்கா.

ராக்னா: யாரு சொன்னா?

இல்வா: நெஞ்செரிச்சல். நாற்காலியில உட்கார்ந்தபடியே ராத்திரியைக் கழிச்சே. தினமும் போன் பண்ணிப் புலம்பினே. 'கண்ணை மூடுறேன், தூக்கம் இல்லை. கனவுன்னா என்னன்னே மறந்துபோச்சு'ன்னு. உன் வாயாலதான் சொன்னே.

ராக்னா: ஒரு நாள் படுத்திருப்பேன்.

இல்வா: எந்த நாள்?

ராக்னா: நீ என்ன போலீஸா?

இல்வா: எந்த நாள்னு கேட்டேன்.

ராக்னா: வரலை! போதுமா? வரலை! பிப்ரவரியிலயும் வரலை, மார்ச்லயும் வரலை, ஒரு நாளும் வரலை! ரெண்டு வருஷமா படுக்கும்போதெல்லாம், இன்னிக்காவது வாடான்னு சொல்லிட்டுத்தான் படுக்குறேன். எட்டிக்கூடப் பார்க்கலை. உன்கிட்டதான் வர்றான். உயிரோட இருந்தப்பவும் உனக்குத்தான் போன், செத்தப்புறமும் உனக்குத்தான்!

இல்வா: அதுக்காக...

ராக்னா: பனிச்சரிவுல வண்டி புதைஞ்ச அன்னிக்கு அவனுக்கு மதியச் சோறு கட்டிக் குடுத்தது யாரு? அந்த டப்பாவை ரோடு ஆபீஸ்காரங்க என் கையிலதான் கொண்டுவந்து குடுத்தாங்க. பாதிதான் சாப்பிட்டிருந்தான். மீதியைக் கொட்டி நான்தான் கழுவினேன். நீ அப்ப எங்க இருந்தே? கோபன்ஹேகன்ல படிச்சுக்கிட்டு இருந்தே. அடக்கத்துக்கு வந்தே, நல்லா அழுதே, எல்லாரும் உன்னைத்தான் கட்டிப்பிடிச்சாங்க.

இல்வா: அதனால திருடினே.

ராக்னா: திருடலை.

இல்வா: எப்படித் தெரிஞ்சுக்கிட்டே? அதை மட்டும் சொல்லு. நான் உன்கிட்ட கனவைத்தான் சொன்னேன். பேர் வைக்கிறேன்னு சொல்லலை.

ராக்னா: ஈஸ்டருக்கு உன் வீட்டுக்கு வந்தப்ப... துண்டு எடுக்க அலமாரியைத் திறந்தேன். பிள்ளைக்குப் போர்வை பின்னி வச்சிருந்தே. ஓரத்துல எழுத்து. 'லியோது' வரைக்கும் முடிச்சிருந்தே. கடைசி எழுத்து ஒண்ணுதான் பாக்கி.

இல்வா: பார்த்துட்டு, மூடிட்டு, வந்து உட்கார்ந்து என்னோட சேர்ந்து ஆட்டுக்கறி தின்னே.

ராக்னா: தின்னேன்.

இல்வா: 'உப்பு போதுமா அக்கா'ன்னு நான் கேட்டேன். 'அருமை'ன்னு சொன்னே.

ராக்னா: அருமையாத்தான் இருந்துச்சு.

இல்வா: சீ!

ராக்னா: திட்டு. நல்லாத் திட்டு. ஆனா உன் பிள்ளை ஆகஸ்ட்ல, என் பிள்ளை மே மாசமே வந்துட்டான். முந்திக்கிட்டான். நான் என்ன பண்ண?

இல்வா: உனக்கு முதல்ல என்ன பேர் மனசுல இருந்துச்சு? ஈஸ்டருக்கு முன்னாடி?

ராக்னா: ...விடு.

இல்வா: சொல்லு.

ராக்னா: ஓர்ரியோட அப்பா பேர். ஆர்ன்போர்.

இல்வா: நல்ல பேர்தானே? மாமியாரும் அழுதிருக்க மாட்டாங்க.

ராக்னா: நல்ல பேர்தான். ஆனா அந்தப் பேரைக் கூப்பிட்டா எனக்கு யாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி தோணலை. நம்ம வீட்டுல இப்ப அவன் பேரை யாரு சொல்றாங்க? அப்பா சொல்றதில்லை. அம்மா 'அவன்'னு சொல்லிட்டு நிறுத்திடுறாங்க. ஒரு நாளைக்கு நூறு தடவை சத்தமாக் கூப்பிடணும்டி எனக்கு. சாப்பிட வாடா லியோதுர், செருப்பைப் போடுடா லியோதுர்னு.

இல்வா: எனக்கும் அதுதானே வேணும்!

ராக்னா: அப்ப நீயும் வையேன்! யாரு தடுத்தா? ரெண்டு பேருக்கும் இருக்கட்டும்.

இல்வா: எப்படிக் கூப்பிடுறது? பெரிய அசிங்கம், சின்ன அசிங்கம்னா?

ராக்னா: சிரிக்காதே.

இல்வா: நான் சிரிக்கலை. அவன் இடம் ஒரு பிள்ளைக்குத்தான். முதல்ல தண்ணி தொட்ட தலைக்கு அது போயாச்சு. இனி நான் வச்சா அது உன் பிள்ளையைப் பார்த்து வச்ச பேர். என் அண்ணன் பேர் இல்லை.

ராக்னா: தண்ணி ஊத்தியாச்சு. திருப்பி எடுக்க முடியாது. என்னை என்ன பண்ணச் சொல்றே?

இல்வா: ஒண்ணும் பண்ண வேண்டாம். கேக் வெட்டு. போ.

ராக்னா: நீ வா.

இல்வா: வரலை. இனி உன் வீட்டுப் படியும் ஏற மாட்டேன்.

ராக்னா: ஒரு பேருக்காகவா?

இல்வா: ஒரு பேருக்காகத்தான்.

ராக்னா: அவன் இருந்திருந்தா இதைப் பார்த்துச் சிரிச்சிருப்பான். இந்தப் பேருக்கா ரெண்டு பேரும் அடிச்சுக்கிறீங்கன்னு. டான்ஸ்ல ஒரு பொண்ணுகிட்ட போய் 'நான் லியோதுர்'னு சொன்னானாம். அவ மேலயும் கீழயும் பார்த்துட்டு, 'அவ்வளவு மோசமில்லையே'ன்னாளாம். எத்தனை தடவை சொல்லியிருப்பான் அதை!

இல்வா: சொல்வான்.

ராக்னா: பள்ளிக்கூடத்துல புது வாத்தியார் பேர் கூப்பிட்டு, வகுப்பே உருண்டு சிரிச்சதைக்கூட ஒரு கதையாத்தான் சொல்வான். அப்பா உடனே, 'பழங்கதையில அது பெரிய வீரன் பேர்டா'ம்பார். இவன், 'அந்த வீரன் ரெண்டாவது பக்கத்துலயே வெட்டுப்பட்டுச் சாகுறான்பா'ம்பான். நம்ம எல்லாரும்...

இல்வா: நம்ம எல்லாரும் சிரிப்போம்.

ராக்னா: ஆமா. ஏன் உன் முகம் இப்படிப் போகுது?

இல்வா: ஒண்ணுமில்லை.

ஓர்ரி: மன்னிச்சுக்கோங்க... எழுதியாச்சு. பெரிசா எழுதினதுல கேக்ல இடம் பத்தலை, கடைசி எழுத்து தட்டுல இருக்கு. அம்மா அதைப் பார்த்துட்டு முகம் கழுவப் போயிருக்காங்க. பையனும் பசியில கத்துறான்.

ராக்னா: தூக்கி வச்சுக்கோ. ரெண்டு நிமிஷத்துல வர்றேன்.

ஓர்ரி: என்ன சொல்லித் தேத்துறது? பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன், இன்னும் ஜாஸ்தியா அழறான்.

ராக்னா: ஓர்ரி!

ஓர்ரி: போறேன், போறேன்.

ராக்னா: இல்வா... இங்க பாரு. நான் பண்ணினது தப்பு. தெரிஞ்சேதான் பண்ணினேன், பாதிரியார் முன்னாடி உன்னைப் பார்த்துக்கிட்டேதான் சொன்னேன். போதுமா? இதுக்கு மேல எப்படிக் கேக்குறதுன்னு எனக்குத் தெரியலை. மன்னிக்கவும் வேண்டாம். எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லிடு.

இல்வா: என்ன?

ராக்னா: அந்தக் கனவு. போன்ல 'அண்ணன் வந்தான்'னு மட்டும் சொன்னே. மேல கேட்டதுக்கு நேர்ல சொல்றேன்னே. நேர்ல கேட்டா பேச்சை மாத்தினே. நாலு மாசமாச்சு. என் பிள்ளை பேர்ல இருக்கிறவன் எப்படி இருந்தான், என்ன சொன்னான்... எனக்குத் தெரிய வேண்டாமா?

இல்வா: வேண்டாம்.

ராக்னா: ஏன்?

இல்வா: வேண்டாம்னா விடேன்.

ராக்னா: நல்லா இருந்தானா?

இல்வா: ...ஈரமா இருந்தான். குளிர்ல பல்லு அடிச்சுக்கிச்சு.

ராக்னா: பேர் கேட்டானா?

இல்வா: பேரைப் பத்தித்தான் பேசினான்.

ராக்னா: கேட்டானா, இல்லையா? நேராச் சொல்லு! உன் கனவும் பொய்யா?

இல்வா: பொய் இல்லை. பொய்யா இருந்தா நான் ஏன் அந்தப் போர்வையை ஒளிச்சு வச்சுப் பின்னணும்?

ராக்னா: அப்ப சொல்லு. என் மகன் அங்க அழறான். அவனைத் தூக்குறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும். லியோதுர் உன்கிட்ட என்ன கேட்டான்?

இல்வா: கேக்கலை, அக்கா... கெஞ்சினான். அதை மீறித்தான் நானும் அந்தப் போர்வையைப் பின்னினேன். 'யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் என் பேரை மட்டும் வச்சுடாதீங்க, நான் சிரிச்சது நீங்க சிரிக்கிறதுக்காகத்தான்'னு.