நகராத கண்டெய்னர்

முத்தையாபுரம் பஸ்ஸில் என் முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். இருவர் கழுத்திலும் துறைமுகத்துக்கு சாஃப்ட்வேர் எழுதும் ஒரே கம்பெனியின் அடையாள அட்டை.

“ஏளா, எங்க டீமோட ஃபங்ஷனல் புரோகிராம் மொழியில கண்டெய்னர் நகரவே நகராது” என்றார் கணவர்.

“துறைமுகத்துக்கு ஏத்த மொழிதான்.”

“கேளு. பெட்டி இடம் மாறுனா பழைய பதிவ அழிக்கமாட்டோம், புதுசா ஒண்ணு போடுவோம். உங்க ஆப்ஜெக்ட் மொழியில பழசையே திருத்திருவிய. முன்னால எங்க கிடந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? இன்னைக்கு மீட்டிங்ல எங்க மொழிக்கே கை தூக்கு.”

“என்னைய வேம்பார்ல மறந்துட்டுத் தனியா பஸ் ஏறுனியல்லா? மறுநாள் மன்னிப்பு கேட்டதும் நான் அதை அழிச்சிட்டேன். உங்க மொழியில அது என்னாவும்?”

“அது... அப்படியே கிடக்கும்.”

“அப்பம் சரி. ஆபீஸ்லயும் வீட்டுலயும் இனி உங்க மொழிதான்.”

அவர் அவசரமாக மனைவி பக்கம் திரும்பினார்.

“ஏளா, வீட்டுல மட்டும் உன் மொழியே இருக்கட்டும்.”