குடுமி முளைக்காத குஞ்சுகள்

2024 ஆனி மாதம் 16ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலை, சுருவில் கிராமத்து வாசிகசாலை முற்றத்தில் நடந்த கோழிக் கண்காட்சியில், ‘தாயும் குஞ்சும்’ பிரிவின் முதற்பரிசு கிறிஸ்ரினாவின் சாம்பல் நிறப் பேட்டுக்கும் அதன் குஞ்சுகளுக்கும் வழங்கப்பட்டது. நடுவர் நான்.

காலையில் தேத்தண்ணீரோடு முற்றத்துக் கதிரையில் இருந்து கோழி பார்ப்பதைப் போன்ற சுகம் வேறில்லை. கால்களைப் பார்ப்பேன், கழுத்தைப் பார்ப்பேன், தேத்தண்ணீர் ஆறிப்போகும். என்னிடம் நிற்கும் இனம் சாதாரணமானதல்ல. தடித்த மஞ்சள் கால், நிமிர்ந்த கழுத்து, பட்டாணி பதித்ததுபோல் படிந்த கொண்டை. இந்த மூன்றும் சேர்ந்த கோழி தீவுப்பகுதியில் வேறெங்கும் இல்லை. ஆனால் ஊரில் கோழி இலட்சணம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று என்னையே ஒவ்வொரு வருடமும் நடுவராக்கினார்கள். நடுவரின் கோழி போட்டியில் நிற்கக்கூடாது. நியாயமான விதி. அதை நான்தான் எழுதிக்கொடுத்தேன்.

பக்கத்து வளவு கிறிஸ்ரினாவினுடையது. அவரிடம் குடுமிக் கோழிச் சோடி ஒன்று இருந்தது. தலையில் செவ்வந்திப் பூ வைத்ததுபோல் இறகுக் கொத்து. கணவர் கடலுக்குப் போய்த் திரும்பாமல் விட்டபின் அவர் அதிகம் பேசியது அந்தச் சோடியோடுதான். பங்குனியில் ஒருநாள் தெருநாய் புகுந்து இரண்டையும் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது அரிசிப் பானைக்குள் இருந்த பதினொரு முட்டை. அந்தச் சோடியின் வம்சத்தில் உலகத்தில் மிஞ்சியதும் அவ்வளவுதான்.

அவரிடம் அடைக்கு ஒரு சாம்பல் பேடு இருந்தது. இனம் ஒன்றுமில்லை, ஆனால் தாய் என்றால் அதுதான் தாய். பருந்தின் நிழல் விழுந்தால் குஞ்சுகளை இறகுக்குள் வாரிக்கொண்டு ஆகாயத்தையே திட்டும். கறையான் புற்றைக் கிளறிவிட்டு, தான் ஒன்றும் தின்னாமல் நின்று குஞ்சுகளைக் கூப்பிடும்.

எங்கள் பக்கத்தில் கைராசிக்காரர்தான் அடை வைக்க வேண்டும். முட்டை வைக்கும்போது வீட்டுக்காரர் திரும்பி நிற்க வேண்டும். பார்த்தால் கூழாகிவிடுமாம்.

“அண்ணை, நீங்கள் வைச்சால்தான் பொரிக்கும்,” என்று பானையைத் தந்தார் கிறிஸ்ரினா.

“தாரும். வெளிச்சத்தில பிடிச்சுப் பார்த்துப்போட்டுக் கொண்டுவாறன். நீர் யோசியாதையும்.”

அவர் எல்லா முட்டையிலும் கரியால் ஒரு சிலுவை போட்டிருந்தார். மற்றப் பேடு வந்து முட்டையிட்டாலும் இனம் பிரிக்கலாமே. நான் குசினிக்குள் இருந்து என் கோழிகளின் முட்டை பதினொன்றை எடுத்து, அடுப்புக் கரியால் ஒவ்வொன்றிலும் சிலுவை போட்டேன். நான் சைவக்காரன். முதற் சிலுவை கோணலாகப் போய்விட்டது. நாலாவதற்குப் பிறகு கை நன்றாக வந்தது. சிரிப்பை அடக்கத்தான் கஷ்டப்பட்டேன்.

பானையைக் கொண்டுபோனேன். அவர் சுவரைப் பார்த்து நின்று மந்திரம் செபித்தார். நான் ஓலைக் கடகத்துக்குள் வைக்கோல் பரப்பி, இடிக்குக் காவலாக இரும்பாணி ஒன்றையும் போட்டு, முட்டைகளை வைத்தேன்.

திரும்பி வந்ததும் நல்ல பசி. மனைவி அம்பிகை யாழ்ப்பாணம் போயிருந்தாள். வெங்காயம், பச்சை மிளகாய் வெட்டிப்போட்டு முட்டைப்பொரியல் செய்தேன். பதினொரு முட்டையும் ஒருவனால் ஏலாது. ஒரு தட்டை மூடி, வேலிக்கு மேலால் கிறிஸ்ரினாவுக்கும் கொடுத்தேன். இருந்ததைப் பகிர்ந்து சாப்பிடுவது எங்கள் வழக்கம்.

“அண்ணை, அக்காவை விட நீங்கள் நல்லாச் சமைக்கிறியள்,” என்றார். தட்டைக் கழுவித் திருப்பித் தந்தார்.

அந்த நேரம் என் குசினி மூலையில் வேறொரு பேடு வெறும் வைக்கோலில் அடை கிடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதன்கீழ் வைத்திருந்தால் குடுமிக் குஞ்சுகளும் பொரித்திருக்கும். ஆனால் என் வளவில் குடுமியோடு குஞ்சு ஓடினால் ஊர் என்ன நினைக்கும்?

என் முட்டைகள் அத்தனையும் பொரித்தன. கிறிஸ்ரினா ஓடிவந்து கூப்பிட்டார். குஞ்சுகளின் தலையைத் தடவித் தடவிப் பார்த்தார்.

“குடுமியைக் காணேல்லையே அண்ணை?”

“அது ஆறு மாதத்தில எழும்பும்.”

“எண்ணெய் வைச்சால் கெதியா வருமோ?”

“பழுதில்லை, வைச்சுப் பாரும்.”

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் பதினொரு தலைக்கும் ஆமணக்கெண்ணெய். பேடு கொத்தக் கொத்த, ஒவ்வொரு குஞ்சாகப் பிடித்து, விரல்நுனியால் தேய்ப்பார். வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கு வயிறு நொந்தது, சிரித்து.

கண்காட்சி நாளைப்போல் ஒருநாள் என் வாழ்க்கையில் இல்லை. என் குஞ்சுகள் எண்ணெய் மினுங்கும் தலையோடு வெயிலில் நின்றன. கால், கழுத்து, கொண்டை என்று ஒலிவாங்கியில் சொல்லிக்கொண்டே போனேன். என் குரல் எனக்கே பாட்டுப்போலக் கேட்டது. சனம் கைதட்டியது. கிறிஸ்ரினா அழுதார். நானும் கொஞ்சம் அழுதேன். ஒன்று மட்டும் சத்தியம்: ஒரு புள்ளிகூடக் கூட்டிப் போடவில்லை.

பிறகு அவர் அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு வீட்டு முகப்பில் மாட்டினார். ‘கிறிஸ்ரினாவின் கோழிகள்’ என்று இருந்தது. போகவர அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு நித்திரை கெட்டது. மனச்சாட்சி என்பது இதுதான் என்று விளங்கிக்கொண்டேன்.

ஆகவே வாசிகசாலையின் மார்கழிக் கூட்டத்தில் எழுந்து நின்று, இங்கே சொன்ன அத்தனையையும் சொன்னேன். பொரியலையும் விடவில்லை. கிறிஸ்ரினா முன்வரிசையில் இருந்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

தலைவர் ஜெகதீஸ் கேட்டார்: “அரியநாயகம் அண்ணை, ஒருத்தரும் கேக்கேல்லை. இப்ப என்னத்துக்கு இதைச் சொல்லுறியள்?”

“சான்றிதழில பேர் பிழை, தம்பி. அதைத் திருத்த வேணும்.”

அடுத்த நாள் காலை பதினொரு கோழியும், கால் கட்டியபடி, என் வாசற் படலையடியில் கிடந்தன. தலைகளில் எண்ணெய் காயவில்லை. இந்த வருடம் நடுவராக வேலணையில் இருந்து ஒருவரை அழைத்திருக்கிறார்கள். சான்றிதழில் பெயர் இன்னும் திருத்தப்படவில்லை.